வயதை மிஞ்சி வாசிக்கிற பிள்ளைக்குப் புத்தகம் தேடுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பு படிக்கிற பெண், ஏழாம் வகுப்பு அண்ணனுடைய தமிழ்ப் புத்தகத்தில் துணைப்பாடம் முழுவதையும் முடித்துவிட்டாள், வீட்டில் வேறு கதைப் புத்தகம் இல்லை, போண்டா மடித்து வந்த பேப்பரைக்கூட விரித்து வைத்துப் படிக்கிறாள், இவளுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது? பாலக்கோடு பக்கம் எங்கள் நூலக வாசகர் வட்டத்துக்கு வருகிற பெற்றோர் பலர் இப்படி ஒரு கேள்வியோடுதான் வருகிறார்கள். யாராவது பத்துப் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது, அப்புறம் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். அதனால் தேடுகிற முறையைச் சொல்கிறேன், நம்ம இரண்டு மாவட்டங்களில் கைக்கு எட்டுகிற இடங்களை வைத்து.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பதிமூன்று வயதுக்காரர் மாதிரி படிக்கலாம், ஆனால் பயப்படுவதும் அழுவதும் ராத்திரி அம்மா பக்கத்தில் வந்து படுப்பதும் எட்டு வயசுக்கு உண்டான மாதிரியேதான் இருக்கும். மொழி கடினமாக இருக்கலாம், விஷயம் ஆழமாக இருக்கலாம், அதில் வருகிற துயரமும் கொடுமையும் மட்டும் அந்த வயசு தாங்குகிற அளவில் இருக்க வேண்டும். இந்த மாதிரிப் புத்தகங்கள் நாம் நினைப்பதைவிட நிறையவே இருக்கின்றன. பெரியவர்களின் நாவலுக்குத் தாவ எந்த அவசரமும் இல்லை.

முதல் வேலை: கொஞ்ச நாள் சும்மா கவனியுங்கள்

வேகமாகப் படிப்பது வேறு, புரிந்து படிப்பது வேறு. சில பிள்ளைகள் எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று போவார்கள், நிறுத்தி “அவன் ஏன் திரும்பி வந்தான்?” என்று கேட்டால் முழிப்பார்கள். சிலர் மெதுவாகத்தான் படிப்பார்கள், ஆனால் கதையில் எழுதாமல் விட்டதையும் பிடித்துவிடுவார்கள். முதல் வகைக்கு இன்னும் தடிமனான புத்தகம் தேவையில்லை, இப்போது படிக்கிறதைப் பற்றிப் பேச ஓர் ஆள் தேவை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு.

அதோடு எந்த மொழியில் முன்னே ஓடுகிறது என்றும் பாருங்கள். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலத்தில் 200 பக்கம் சாதாரணம், தமிழில் இரண்டு பக்கத்துக்கே மூச்சு வாங்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படிக்கிற குழந்தைகள் ஏராளம். ஒரே பிள்ளை ஒரு மொழியில் முன்னாலும் இன்னொன்றில் வயசுக்கேற்ற இடத்திலும் இருப்பதில் தவறே இல்லை. இரண்டுக்கும் தனித்தனியாகப் புத்தகம் எடுங்கள். ஆங்கிலத்தில் இதைப் படிக்கிறாயே, தமிழில் ஏன் படக்கதை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அத்தோடு தமிழை மூடி வைத்துவிடும்.

அப்புறம் எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறது என்று பாருங்கள். யானை, ரயில், கிரிக்கெட் கணக்கு, சாமி கதை, ராக்கெட், எதுவானாலும் சரி. தேடல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இரண்டாவது: நூலக அட்டை, பிள்ளையின் பெயரிலேயே

நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. அந்தப் பணத்தில் நடப்பதுதான் பொது நூலகம், அதனால் கூச்சமே வேண்டாம், உரிமையோடு உள்ளே போங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, வட்டத் தலைநகரங்களில் கிளை நூலகங்கள், அதற்குக் கீழே ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள். உட்கார்ந்து படிக்க அட்டை தேவையில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினராக வேண்டும். காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா எல்லாம் சேர்த்தே சின்னத் தொகைதான். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வசதி. ஒருமுறை விசாரித்துவிட்டுப் போங்கள்.

போனவுடன் நேராகச் சிறுவர் பகுதிக்குப் போய்விடாதீர்கள். நூலகரிடம் பேசுங்கள், “எட்டு வயசு, ஆனால் பெரிய புத்தகம் படிக்கும், விலங்குகள் பற்றிப் பிடிக்கும்” என்று வயசு, திறமை, ஆசை மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவர் எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார். “நல்ல புத்தகம் ஏதாவது இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டால் நீதிக்கதைதான் கைக்கு வரும். சிறுவர் பகுதியில் மெலிசான படப் புத்தகங்கள் அதிகம், இந்தப் பிள்ளைக்கு அங்கே பாதி, பொது அடுக்குகளில் பாதி என்று இருக்கும். வரலாறு, பயணம், அறிவியல், வாழ்க்கை வரலாறு அடுக்குகளைக் காட்டுங்கள். பிள்ளையைத் தரையில் உட்காரவிட்டு, கீழ்த்தட்டில் இருப்பதைத் தானே இழுத்துப் பார்க்கவிடுங்கள். கீழ்த்தட்டில் தூசியோடு கிடப்பவை பல நேரம் நல்ல பழைய பதிப்புகளாகவே இருக்கும்.

பள்ளியையும் விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வழியாக வந்த சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்துத் தரப்பட்டவை. உங்கள் பிள்ளை பற நிலையை முடித்துவிட்டது என்று வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் பள்ளிக்கு வருகின்றன. ஊஞ்சல் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு, தேன்சிட்டு ஆறிலிருந்து மேலே. நான்காம் வகுப்புப் பிள்ளை தேன்சிட்டு படித்தால் ஒன்றும் குறையாது, கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

மூன்றாவது: ஒரு பக்கச் சோதனை

புத்தகம் பொருந்துமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஒன்றும் மடங்கவில்லை என்றால் அது ஓய்வுக்கான புத்தகம், அதுவும் வேண்டும். இரண்டு மூன்று மடங்கினால் சரியான இடம். ஐந்தும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு அலமாரியில் இருக்கட்டும், அல்லது நீங்கள் கூட உட்கார்ந்து படியுங்கள்.

தமிழில் இந்தச் சோதனை மட்டும் போதாது. வார்த்தை எல்லாம் தெரியும், ஆனால் ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், அங்கே பிள்ளை தொலைந்துபோகும். இன்னொன்று வட்டார வழக்கு. அச்சுத் தமிழில் சரளமாக ஓடுகிற பிள்ளை நெல்லைப் பேச்சோ நாஞ்சில் பேச்சோ வந்தவுடன் தடுமாறும், ஏனென்றால் அந்தப் பேச்சைக் காதால் கேட்டதே இல்லை. அந்த மாதிரிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபட்டுவிடும். பழைய புத்தகங்களில் வடசொல் நிறைய வரும். அதற்கு ஒரு நல்ல அகராதி வீட்டில் இருக்கட்டும், கைப்பேசியில் தேடச் சொன்னால் தேடப் போன பிள்ளை திரும்பி வராது.

நான்காவது: எந்தப் பக்கம் போவது

இதுதான் முக்கியமான இடம். தமிழில் ஆறிலிருந்து ஒன்பது வயசு வரைக்கும் நிறையக் கிடைக்கிறது, பெரியவர்களுக்கும் கடல் போல் இருக்கிறது, நடுவில் பதினொன்றிலிருந்து பதினான்கு வயசுக்கு என்று எழுதப்பட்டவை குறைவு. முன்னே ஓடுகிற பிள்ளை சீக்கிரமே இந்தப் பள்ளத்துக்கு வந்து நின்றுவிடும். இதைக் கடக்க என் அனுபவத்தில் உதவியவை இவை.

கதையல்லாத புத்தகங்கள். முன்னே ஓடுகிற பிள்ளைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்று உறுதியாகவே சொல்வேன். மொழியும் சிந்தனையும் எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமானாலும் போகலாம், மனசுக்குப் பாரம் ஏறாது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் இதற்கு அருமையான இடம். தகவல்களில் சில பழையதாகிவிட்டன, கோள்களின் எண்ணிக்கையே மாறிவிட்டது, ஆனால் எழுதியிருக்கிற தமிழைப் பாருங்கள், சின்னப் பிள்ளைக்கு எழுதுகிறோம் என்று ஒரு இடத்திலும் தரத்தைக் குறைத்திருக்க மாட்டார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய தகவல் வருகிற இடத்தில் “இப்போது இது சரியா, தேடிப் பார்” என்று சொன்னால் அதுவே அடுத்த வாரத்துக்கு வேலை. மாத இதழ் வேண்டுமென்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இருக்கிறது, 1987-லிருந்து வருகிறது.

நம்ம ஊர் விஷயம். இதில் எனக்கு ஆசை கொஞ்சம் அதிகம்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். மல்லச்சந்திரத்தில் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள், நிற்கின்றன. தருமபுரி வட்டாரம் முழுக்க நடுகற்கள். தகடூர் அதியமானும் ஔவையும் இங்கேதான். இதில் ஏதாவது ஒன்றைக் காட்டிவிட்டு வந்து அதே விஷயத்தைப் பற்றிய புத்தகத்தைக் கையில் கொடுங்கள், தொல்லியல் துறையின் வெளியீடாக இருந்தால்கூடப் பிள்ளை படிக்கும். எங்கள் வாசகர் வட்டத்துக்கு வருகிற ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அருங்காட்சியகத்தில் நடுகல்லைப் பார்த்துவிட்டு வந்தான். கல்வெட்டைப் பற்றிய பெரியவர்கள் புத்தகத்தை எடுத்து, படத்துக்குக் கீழே இருக்கிற குறிப்பை மட்டும் வரிசையாகப் படித்தான். அப்புறம் நோட்டில் ஒரு வீரன், பக்கத்தில் ஒரு நாய், மேலே இரண்டு வரி வட்டெழுத்து என்று வரைந்து வைத்துக்கொண்டு “அக்கா, நாய்க்கும் கல் வெச்சிருக்காங்களா?” என்று கேட்டான். முழுப் புத்தகமும் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பழைய நடை, மென்மையான விஷயம். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி எழுதிய வியாசர் விருந்தும் சக்கரவர்த்தித் திருமகனும் இந்த வயசுக்கு நன்றாகப் பொருந்தும். அத்தியாயங்கள் சின்னவை, நடை தெளிவு, நல்லது கெட்டதைப் பற்றிப் பேச நிறைய இடம். போரும் சாவும் வரும்தான், ஆனால் பாட்டி சொல்கிற தூரத்திலிருந்து வரும். கல்கியின் பொன்னியின் செல்வனை ஒன்பது வயசில் கையில் எடுக்கிற பிள்ளைகளும் உண்டு. ஐந்து பாகம், சூழ்ச்சியும் கொலையும் உண்டு, எடுத்தால் தடுக்காதீர்கள், முடிக்கச் சொல்லி வற்புறுத்தவும் செய்யாதீர்கள். குதிரையும் ஓடமும் வருகிற இடங்களை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தாண்டிப் போகும், பதினான்கு வயசில் திரும்ப எடுக்கும்.

வாழ்க்கை வரலாறு. சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1925-இல் மறைந்த பாப்பாரப்பட்டி நமக்குப் பக்கத்தில்தான். மணிமண்டபத்தைப் பார்த்த பிள்ளைக்கு அவர் வரலாறு பாடமாகத் தெரியாது.

படக்கதையைக் கீழாக நினைக்காதீர்கள். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் மாதிரி வருகிறவற்றில் வசனம் கனமாகவே இருக்கும். துப்பாக்கிச் சண்டை எவ்வளவு என்பதை மட்டும் ஒரு புரட்டு புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விருதுப் பட்டியல். சாகித்திய அகாதெமி 2010-லிருந்து பால சாகித்திய புரஸ்கார் தருகிறது, தமிழுக்கும் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டு நூலகத்துக்குப் போனால் பாதியாவது கிடைக்கும். எல்லாமே எல்லா வயசுக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020-இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் தவறான தொடுகையைப் பற்றியது, மிகவும் தேவையான புத்தகம், ஆனால் பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கூட இருந்து பேசிக் கொடுக்க வேண்டிய புத்தகம்.

ஆங்கிலத்தில் முன்னே ஓடுகிற பிள்ளைக்கு

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் பக்கம், பஸ் பிடித்தால் சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, ஒரு அரை நாள் ஒதுக்கிப் பிள்ளையோடு போய் வாருங்கள். ஆங்கிலத்தில் பதின்ம வயதுப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை, அங்கே பிரச்சினையே வேறு. அட்டையைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக் கதை மாதிரி இருக்கும், உள்ளே காதலும் தற்கொலையும் போதையும் இருக்கும். பின்னட்டையைப் படியுங்கள், நடுவில் பத்துப் பக்கம் புரட்டுங்கள். அட்டையில் நாயகனுக்கு வயசு என்ன என்று பார்ப்பதும் ஒரு நல்ல அளவு, நாயகனுக்குப் பன்னிரண்டு என்றால் உங்கள் ஒன்பது வயசுக்குப் பெரும்பாலும் சரியாக வரும், பதினாறு பதினேழு என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

பதினொன்று பன்னிரண்டு வயசில் காட்டைப் பற்றி ஆசையாக இருக்கிற பிள்ளைக்கு ஒரு பெயர் சொல்கிறேன். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954-இல் வெளியிட்ட முதல் வேட்டைக் கதைத் தொகுப்பில் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியின் கதை இருக்கிறது. அவர் எழுத்தில் அஞ்செட்டியும் பென்னாகரமும் வந்துகொண்டே இருக்கும். ஆங்கிலப் புத்தகத்தில் நம்ம ஊர்ப் பெயர் வருவதைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஆனால் ரத்தம் இருக்கிறது, மிருகத்தைச் சுடுவதைப் பெருமையாகச் சொல்கிற காலத்து எழுத்து, நம்ம மக்களைப் பற்றி அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வையும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால் இருந்த உலகம் அது என்று சொல்லிக் கொடுங்கள். எட்டு வயசுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

காசில்லாமல் கிடைப்பவை

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என்று எல்லாவற்றிலும் கதைகள் உண்டு, நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு நான்காம் நிலையே சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால் வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். ஒரே கதையை இரண்டு மொழியில் திறந்து வைத்து ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் தமிழில் இல்லாத ஒரு கதையை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். வீட்டில் கன்னடம் பேசுகிற ஓசூர்ப் பிள்ளைக்கு இது கை வந்த கலை ஆகிவிடும். நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் மதுரைத் திட்டம் என்கிற இணைய நூல் தொகுப்பிலும் கிடைக்கும். கைப்பேசியில் படிக்க விடுவதைவிட, தேவையான இருபது முப்பது பக்கத்தை அச்செடுத்துத் தைத்துக் கொடுத்தால் பிள்ளை அதைத் தன் புத்தகமாக வைத்துக்கொள்ளும்.

கொடுப்பதற்கு முன்

முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம், நடுவில் ஒரு இடம், இதை மட்டுமாவது படியுங்கள். நான் பார்ப்பது மூன்று விஷயம். குழந்தைக்கோ விலங்குக்கோ நடக்கிற கொடுமை விரிவாக வர்ணிக்கப்பட்டிருக்கிறதா, கதை முடிவில் நம்பிக்கைக்கு ஏதாவது இடம் இருக்கிறதா, நிறம், சாதி, உடல் குறை இவற்றைக் கிண்டல் செய்கிற வசனம் வருகிறதா. மூன்றாவது பழைய சிறுவர் கதைகளில் நிறையவே வரும். அதற்காகப் புத்தகத்தையே ஒளித்து வைக்க வேண்டியதில்லை, அந்த இடத்தைக் காட்டி “இப்படிச் சொன்னது சரியா?” என்று கேளுங்கள், பிள்ளைகள் நம்மைவிடக் கறாராகப் பதில் சொல்வார்கள்.

தடை போட வேண்டிய புத்தகம் என்றால் “உனக்கு வயசு பத்தாது” என்று சொல்லாமல் “பன்னிரண்டு ஆனதும் உனக்கு இதைத் தருகிறேன்” என்று சொல்லி, பெயரை எழுதி வையுங்கள். சொன்னபடி அந்த வயசில் எடுத்துக் கொடுத்தும் விடுங்கள்.

சில சின்ன விஷயங்கள்

சொந்தக்காரர்கள் வந்தால் “எங்க, ஒரு பக்கம் படிச்சுக் காட்டு” என்று நிறுத்தாதீர்கள். படித்த புத்தகத்தை மறுபடி மறுபடி எடுத்தால், தங்கச்சியின் படப் புத்தகத்தை வாங்கிப் படித்தால், பாதியில் தூக்கிப் போட்டால், விட்டுவிடுங்கள். பொது அறிவு வினா விடைக் கையேட்டைப் புத்தகக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம்ம இரண்டு மாவட்டங்களிலும் மதிப்பெண் ஓட்டம் கடுமை, ஒன்பதாம் வகுப்பு வந்தவுடன் கதைப் புத்தகத்தை மேலே தூக்கி வைத்துவிடுகிறார்கள். தினமும் ராத்திரி தூங்கப் போகும் முன் அரை மணி நேரம் பிள்ளை விரும்பியதைப் படிக்க விடுவதால் எந்தப் பரீட்சையும் போய்விடாது, தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

புத்தகத் திருவிழாவைத் தவறவிடாதீர்கள். தருமபுரியில் தகடூர் புத்தகப் பேரவை முன்னின்று நடத்துகிறது, ஓசூரிலும் நடக்கிறது. வழக்கமாகப் பத்து சதவீதத் தள்ளுபடி இருக்கும். முதல் சுற்றில் எதையும் வாங்க வேண்டாம், பிள்ளை கையில் ஒரு சின்ன நோட்டு கொடுத்துப் பிடித்த புத்தகத்தின் பெயர், விலை, கடை எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். டீ குடித்துவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம், தூலிகா, நியூ செஞ்சுரி மாதிரிக் கடைகளில் சிறுவர் புத்தகங்கள் நன்றாக இருக்கும், விலையும் பல கட்டுப்படி ஆகும். பணத்தில் பாதிக்குப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும், பாதிக்கு நீங்கள். வாங்க முடியாமல் போனவற்றின் பெயரை அடித்துவிடாதீர்கள், அந்த நோட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலகரிடம் காட்டுங்கள். இல்லாத புத்தகத்தை வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்க வாசகருக்கு உரிமை உண்டு, கோரிக்கையைப் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.